ஆய்க்குடி சோதிக்கட்டும்

தென்காசி மாவட்டத்தில் எந்த அரசுத் துறை புதிதாக ஒரு செயலியையோ இணையதளத்தையோ வாங்கினாலும் ஒரு நிபந்தனை விதிக்க வேண்டும். பார்வையற்றவர், காது கேளாதவர், கைவிரல்களை அசைக்க இயலாதவர் ஆகியோர் யார் துணையுமின்றி அதைப் பயன்படுத்திப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை, ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை கிடையாது.

இதைச் செய்து காட்ட இதைவிடத் தோதான மாவட்டம் எளிதில் கிடைக்காது. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தம் சொந்த ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தின் பெயரிலுள்ள ‘அமர்’, அவருக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலைக் குறிக்கிறது. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் பட்டயக் கணக்கர் எஸ். சங்கர ராமன் பின்னர் அவருடன் சேர்ந்து சங்கத்தை வளர்த்தார். வளர்ச்சி தாமதமான குழந்தைகளைக் கிராமப் பணியாளர்கள் வீட்டுக்கே போய்ப் பயிற்றுவிக்கவும், அவர்களின் முன்னேற்றத்தைப் பதிந்து வைக்கவும் ஒரு செயலியை இச்சங்கமே உருவாக்கியிருக்கிறது. இந்தப் பக்கம் ஆய்க்குடி என்றால், அந்தப் பக்கம் மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனமான ஸோஹோவின் அலுவலகம் இயங்குகிறது. சோதிக்கத் தெரிந்தவர்களும் எழுதத் தெரிந்தவர்களும் ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள்.

இருந்தும் என்ன? ஒரு சுற்றறிக்கையை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, அந்தத் தாளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். பார்வையுள்ளவருக்கு அது கடிதம். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளுக்கோ அது வெறும் படம். ஓர் எழுத்துகூட அதற்குத் தெரியாது. ஸ்கேன் செய்யாத கோப்பிலும் பழைய எழுத்துருக்களின் தொல்லை உண்டு. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச். கண்ணுக்கு அம்மா தெரிவாள். காதுக்கு ஆங்கில எழுத்துகள் உளறலாக விழும். இந்தத் தொல்லையைத் தீர்க்கும் தமிழ் ஒருங்குறியை (யூனிகோடு) அரசு ஏற்று ஆணையிட்டது 2010இல். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் படிக்கிறது. ஆக, தடை தொழில்நுட்பத்தில் இல்லை; ஸ்கேனர் பக்கம் நடந்து போகும் பழக்கத்தில் இருக்கிறது.

சட்டத்திலும் குறையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. இணையத்தில் ஏற்றும் ஆவணம் மென்பொருள் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் விதிகளே சொல்லின. சேவை தருவோர் தங்கள் சேவைகளைச் சீராக்கச் சட்டம் தந்த 2 ஆண்டு அவகாசம் 2019 ஜூனில் முடிந்துபோனது. விதிகள் குறிப்பிட்ட தரநிலைகள் பரிந்துரைகளாகவே நிற்கின்றன, கட்டாயமாக இல்லை என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, கட்டாய விதிகளை வகுக்க 3 மாதம் கெடு விதித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று வந்த இன்னொரு தீர்ப்பு நெஞ்சைத் தொடுவது. அமில வீச்சில் முகம் சிதைந்த பிரக்யா பிரசூனால் வங்கிக் கணக்கு தொடங்க முடியவில்லை. உயிருள்ளவர்தான் என்று நிரூபிக்க அவர் கேமரா முன் கண் சிமிட்ட வேண்டுமாம். இணையவழிச் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்த நீதிமன்றம் 20 கட்டளைகளைப் பிறப்பித்தது.

“இ-சேவை மையத்தில் உதவிக்கு ஆள் இருக்கிறாரே” என்பார்கள். இருக்கிறார். அவரிடம் ஓடிபியைச் சொல்லி, வங்கி இருப்பைக் காட்டி, மருத்துவச் சான்றைப் படிக்கக் கொடுத்துத்தான் அந்த உதவியைப் பெற முடியும். பார்வையுள்ள எந்த அதிகாரி தம் ஏ.டி.எம். ரகசிய எண்ணை அப்படிப் பக்கத்து ஆளிடம் சொல்வார்? செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் படித்துவிடும் என்பது புதிய சமாதானம். படத்தைப் படித்துச் சொல்லும் செயலிகள் உண்மையிலேயே பெரிய துணைதான். ஆனால் உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசித் தேதியை அவை தப்பாகப் படித்தால் நஷ்டம் யாருக்கு? அரசு ஒருமுறை ஒழுங்காக வெளியிட வேண்டியதை, ஒவ்வொரு குடிமகனும் தன் கைபேசியால் திருத்திக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை.

இதே மாவட்டத்தின் குற்றாலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. அதன்பின் எச்சரிக்கை ஏற்பாடுகள் பற்றி நிறையப் பேசினோம். அபாயச் சங்கு ஊதினால் காது கேளாதவருக்குத் தெரியாது. ‘குளிக்கத் தடை’ என்ற பலகை பார்வையற்றவருக்குத் தெரியாது. பலகையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டாலும் அவருக்கு அது எட்டாது. கைபேசியை அதிரவைத்து ஒலியும் எழுத்துமாக எச்சரிக்கும் முறை 2023இல் நாடெங்கும் சோதிக்கப்பட்டதே என்றால், அருவியில் நிற்பவர் கைபேசியை வண்டியில் பூட்டிவிட்டல்லவா வந்திருப்பார்! ஆகவே பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றிலும் சங்கோடு சேர்ந்து மின்னும் விளக்கு வேண்டும். தினசரித் தடை அறிவிப்பு ஒருங்குறித் தமிழில், எழுத்தாகவே வெளிவர வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஜூனில் சீசன் தொடங்கும் முன் முடித்துவிடலாம்.

பெரிய இணையதளங்கள் சென்னையிலும் டெல்லியிலும் முடிவாகின்றன என்பது உண்மை. மாவட்ட அறிவிப்புகள், நகராட்சிப் படிவங்கள், அருவி எச்சரிக்கைகள் ஆகியவை தென்காசியிலேயே எழுதப்படுகின்றன. அவற்றிலிருந்து தொடங்கட்டும். சோதிக்கும் வேலைக்கு மாற்றுத்திறனாளிகளைத் தன்னார்வலர்களாக அழைக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 விழாவுக்கு வரவழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பும் வேலையும் அல்ல இது. மென்பொருள் சோதனையாளருக்குச் சந்தையில் என்ன சம்பளமோ, அதே சம்பளம் அவர்களுக்கும் தரப்பட வேண்டும். அந்தச் செலவு ஒப்பந்தத் தொகைக்குள்ளேயே தனி இனமாக எழுதப்பட வேண்டும்.