ஆப்பிளும் அரைக்காசும்

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் ஜில்லாவில் மார்க்கெட் டிரேட்டன் என்று ஒரு சின்ன ஊர். 1245-ல் மூன்றாம் ஹென்றி ராஜா அதற்குச் சந்தை கூட்டும் உரிமை அளித்தார். இன்றும் புதன்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. 1651-ல் ஊரில் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. சளைக்காமல் மறுபடி கட்டிக்கொண்டார்கள். இஞ்சி பிஸ்கோத்துக்குப் பேர் போன ஊர். இத்தனை பழமையை அவர்கள் போற்றட்டும். அதில் நமக்குச் சண்டை இல்லை.

சண்டை, அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவனைப் பற்றியது. 1725-ல் பிறந்த ராபர்ட் கிளைவ், சிறுவயதில் அவ்வூர் செயின்ட் மேரி ஆலயக் கோபுரத்தில் ஏறி, உச்சியிலுள்ள கல் தூம்பின்மேல் உட்கார்ந்தானாம். வெட்டிப் பையன்களைப் படை சேர்த்து, கடைக்காரர்களிடம் ஆப்பிளும் அரைக்காசும் கப்பம் வாங்கினானாம். கொடுத்தவன் கடையில் ஜன்னல் உடையாது! 1840-ல் மெக்காலே இதை எழுதிவைத்தார். ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் இன்றும் இதைச் சுட்டிப் பயலின் குறும்பாகச் சொல்லி மகிழ்கிறார்கள்.

குறும்புதானா? 1757-ல் பிளாசிச் சண்டை முடிந்ததும், அதே கை மீர் ஜாபரின் கஜானாவுக்குள் நீண்டது. கிடைத்தது 2,34,000 பவுன். அதன்மேல் ஆண்டுக்கு 27,000 பவுன் ஜாகீர். 1765-ல் வங்காளத்தின் வரிவசூலே கம்பெனியின் கைக்கு வந்தது. 1770-ல் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மழை பொய்த்தது; வரி பொய்க்கவில்லை. ஆப்பிளுக்கு ஒரு நியாயம், ராஜ்யத்துக்கு ஒரு நியாயமா? கதை ஒன்றுதான். முதல் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கிழித்தெறிந்தால் அதற்குச் சரித்திரம் என்றா பேர்?

"அந்தக் காலத்து நியாயம் வேறு" என்பார்கள். வேறல்ல. 1773-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டே அந்தப் பணத்துக்குக் கணக்குப் பார்த்தது. கடைசியில், நாட்டுக்குப் பெரிய சேவை செய்தவன் என்று சொல்லி விட்டுவிட்டது. ஆனால், கேள்வி அன்றே எழுந்துவிட்டது!

நாம் மட்டும் யோக்கியமா? ஆற்காட்டில் டில்லி வாசலைக் காட்டி, "கிளைவ் தங்கிய அறை" என்கிறோம். சென்னைக் கோட்டையிலும் ஒரு செயின்ட் மேரி ஆலயம் உண்டு. "1753-ல் இங்கேதான் அவனுக்குக் கல்யாணம்" என்கிறோம். அதோடு நம் சரித்திரமும் முடிந்துபோகிறது!

கோபுரத்தை இடிக்க வேண்டாம், பிஸ்கோத்தையும் தின்னட்டும். ஆனால் ஜன்னல் உடையாமலிருக்க வங்காளத்துக் குடியானவன் என்ன கொடுத்தான் என்பதையும் கோபுரத்தடியில் நின்று சொல்லட்டும். அதைச் சொல்லக் கூசுகிற ஊருக்கு ஆப்பிள் கதையைச் சொல்லவும் உரிமை இல்லை. அது டிரேட்டனுக்கும் பொருந்தும், ஆற்காட்டுக்கும் பொருந்தும்.