வாய்க்காலோர வீடு

கோயிலுக்கு வரலாறு உண்டு, குளத்துக்கும் உண்டு. அக்குளத்து நீரை நம்பிக் காடு வெட்டி, வாய்க்காலோரம் முதன்முதற் குடியேறிய உழவனின் வீட்டுக்கு வரலாறு உண்டா? தம்பலகாமத்து வயல்வெளியைக் காணுந்தோறும் நம் உள்ளத்தில் எழும் கேள்வி இது.

இவ்வூர்ப் பசுமைக்குத் தாய் கந்தளாய்க் குளம். ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பர் வரலாற்றாசிரியர்; குளக்கோட்டன் திருப்பணி என்பது தமிழர் மரபு. போர்த்துக்கீசர் திருகோணமலைக் கோயிலை இடித்த பின்னர், அடியார்கள் காத்த திருவுருவங்களுக்கு ஆதிகோணநாயகர் ஆலயம் இங்கே எழுந்தது என்பதும் மரபே. இவையெல்லாம் ஏட்டில் ஏறிவிட்டன.

உழவன் வீடோ ஏடு ஏறவில்லை. காட்டுத் தடிகளை நாட்டி, குறுக்கே வரிச்சுக் கட்டி, அந்நிலத்து மண்ணையே குழைத்து அப்பினர். மேலே கிடுகோ வைக்கோலோ வேய்ந்தனர். தரையைச் சாணத்தால் மெழுகினர். மாரி மழையிலே பெரும்போகம் விளையும். சிறுபோகத்துக்குக் குளத்து நீரே கதி. குளிப்பதற்கும் கன்றுகாலிக்கும் அந்நீரே உதவிற்று. ஆதலின், வாய்க்கால் சென்ற வழியே வீடும் சென்றது.

மண் வீட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. கூரையை மாற்றவும் சுவரைப் பூசவும் ஆள் இருக்கும்வரை அது நிற்கும்; ஆள் அகன்றால் சில மாரிகளிலே மண்ணோடு மண்ணாகும். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், விடியுமுன் கந்தளாய் அணைக்கட்டு உடைந்தது. 120க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாழ்வித்த நீரே வீடுகளை வாரிச் சென்றது. போர்க்காலத்திலோ, திருகோணமலை மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டைப் பூட்டக்கூட நேரமின்றி ஓடின. திரும்பி வந்தோர் பலர் கண்டவை வெறும் மண்மேடுகளே.

அமெரிக்காவில் முதற்குடியேறிகள் மரக்குற்றிகளை அடுக்கிக் கட்டிய வீடுகள் சிலவற்றைக் காட்சிச்சாலைகளாகக் காத்து வருகின்றனர். நம் மண் வீட்டை அவ்வாறு காப்பது அரிது. ஆயினும் அதன் கதையைக் காக்கலாம்.

மாணவச் செல்வங்களே! அப்பாச்சியோ அம்மம்மாவோ அருகிருந்தால் கேளுங்கள்: நம் முதல் வீட்டுக்கு எந்த மரம் கப்பாக நின்றது? சுவருக்கு மண் குழைத்தவர் யார்? எந்த வாய்க்கால் வாசலருகே ஓடிற்று? அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி, ஆண்டையும் குறித்து வையுங்கள்.

மன்னனுக்குக் கல்வெட்டு உண்டு. உழவனுக்குப் பேரப்பிள்ளையின் கொப்பியே கல்வெட்டு.