வீட்டில் இருப்போருக்கும் சம பங்கு



மே மாதத்தில் கொடைக்கானல் குடும்பங்களால் நிறைந்திருக்கும். ஏரிக்கரையில் தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் சுமந்து நடப்பார்கள்; பிரையண்ட் பூங்காவின் மலர்களுக்கு முன் குடும்பமாய் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தக் கூட்டத்தைக் கடந்து, நகருக்கு மேற்கே உள்ள ஒரு மலைக்கிராமத்திற்குச் சென்றேன். அங்கே ஒரு வீட்டில் தகப்பன் இல்லை. 60 நாள் ஆண்டு விடுப்பில் வந்திருந்த அந்த ராணுவ வீரர், எல்லையில் பதற்றம் மூண்டதால் இரண்டாம் வாரத்திலேயே திரும்ப அழைக்கப்பட்டிருந்தார். அவருடைய மனைவியும் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த மகளும் வீட்டில் இருந்தார்கள்.

ஜெபித்து எழுந்தபோது அந்தச் சிறுமியின் தலையில் கைவைத்து, "இனி நீதானம்மா அம்மாவுக்குத் துணை. நீ அழுதால் அம்மா உடைந்துபோவார்கள். தைரியமாக இருக்க வேண்டும்" என்று சொன்னேன். என் ஊழிய நாட்களில் எத்தனையோ பிள்ளைகளிடம் இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறேன். அது தவறான ஆலோசனை என்று இப்பொழுது உணர்கிறேன். அதை உங்களிடம் அறிக்கையிடுவதற்காகவே இவ்வாரம் எழுதுகிறேன்.

சில வாரங்கள் சென்று, ஆராதனை முடிந்தபின் அந்தத் தாய் என்னிடம் வந்தார். அதற்குள் சண்டை நின்றிருந்தது. ஆயினும் அவருடைய கணவர் இருந்த முன்னரங்கிலிருந்து தொலைபேசி அழைப்பு எப்போதாவதுதான் வந்தது. "ஐயா, பாப்பா அழுவதே இல்லை. ஆனால் இரவில் தூங்குவதும் இல்லை. நான் அழுகிறேனா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். செய்தி நேரம் வந்தால் தொலைக்காட்சியை நிறுத்திவிடுகிறாள்" என்றார். பிறகு தயங்கி, "நானும் அவளுக்குத் தெரியாமல் தோட்டத்தில் போய்த்தான் அழுகிறேன்" என்றார்.

ஒரே கூரையின்கீழ், ஒரே கவலையைச் சுமந்த இருவர், ஒருவருக்கொருவர் அதை ஒளித்து வாழ்ந்தார்கள். அந்த ஒளிப்புக்கு வழிசெய்தவன் நான். தகப்பனைப் பிரிந்த பிள்ளையின் தோளில், தாயைத் தாங்கும் பாரத்தையும் ஏற்றிவிட்டேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அது உரிய பாரமல்ல.

அந்த வீட்டில் மாற்றம் வந்தது என் ஆலோசனையால் அல்ல. ஒரு மாலையில் காற்றும் மழையும் அடித்து மின்சாரம் நின்றுபோயிற்று. கைபேசியிலும் சமிக்ஞை இல்லை. நடவுக்காக வைத்திருந்த மலைப்பூண்டை விளக்கொளியில் இருவரும் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது தாய் தன்னையறியாமல், "எனக்குப் பயமாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டார். "எனக்கும்தான் அம்மா" என்றாள் மகள். இருவரும் அழுதார்கள். அழுகை ஓய்ந்தபின், அப்பா ராணுவத்தில் சேர்ந்தது எப்படி என்று மகள் கேட்டாள். வீட்டில் சொல்லாமல் ஆள்சேர்ப்புக்கு ஓடிய கதையைத் தாய் சொல்லச் சொல்ல, இருவரும் சிரித்தார்களாம். அன்றிரவு பிள்ளை அயர்ந்து உறங்கினாள் என்று பின்னர் அந்தத் தாய் என்னிடம் சொன்னார்.

வீடு திரும்பி 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். பலமுறை பிரசங்கித்த பகுதிதான். தாவீதும் அவனோடிருந்த 600 பேரும் சிக்லாகுக்குத் திரும்பியபோது பட்டணம் சுட்டெரிக்கப்பட்டிருக்கிறது. மனைவிகளும் பிள்ளைகளும் சிறைபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். அப்போது அந்தப் போர்வீரர்கள் செய்த முதற்காரியம் என்ன? அழப் பெலனில்லாமல் போகும்வரை அழுதார்கள். கோலியாத்தை வீழ்த்திய தாவீதும் அவர்களோடு அழுதான். தாவீது கர்த்தருக்குள் தன்னைத் திடப்படுத்திக்கொண்டது அந்த அழுகைக்குப் பின்னரே. தாவீதுக்கு வேதம் மறுக்காத கண்ணீரை, ஒரு சிறுமிக்கு நான் மறுத்தேன்.

அதே அதிகாரத்தின் பிற்பகுதி இன்னும் ஆழமானது. களைத்துப்போன 200 பேர் பேசோர் ஆற்றைக் கடக்க முடியாமல் ரஸ்துக்களண்டையில் தங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் வென்று திரும்பியபோது, தங்கியிருந்தவர்களுக்குக் கொள்ளையில் பங்கில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். தாவீது அதை ஏற்கவில்லை. யுத்தத்திற்குப் போனவனுக்கும் பின்தங்கியிருந்தவனுக்கும் சம பங்கு என்று தீர்ப்புச் சொல்கிறான். அதை இஸ்ரவேலில் பிரமாணமாகவும் ஆக்குகிறான்.

நாமோ இன்றுவரை போனவரை மட்டுமே எண்ணுகிறோம். 2015 ஜனவரி 26 அன்று, காஷ்மீரில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்குரிய அசோகச் சக்கர விருதை அவருடைய மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் குடியரசுத் தலைவரிடமிருந்து பெற்றுக்கொண்டதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் கண்டோம், நெஞ்சம் நெகிழ்ந்தோம். ஆனால் அத்தகைய ஒரு நாளுக்கு முன்னே, கணவர் தொலைவில் இருக்கையில் சிறு மகளோடு தனித்துக் கழித்த மாலைகள் எந்தத் தாய்க்கும் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றுக்கு விருது கிடையாது, படம்பிடிப்பவரும் கிடையாது.

பிரிந்து வாழும் குடும்பங்கள் இம்மலைக்குப் புதியவையல்ல. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர்கள் இங்கே தங்கள் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1901-இல் அவர்களுடைய பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிற்று. அதுவே இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. தகப்பன்மார் வெயில் காயும் சமவெளியில் ஊழியம் செய்ய, தாய்மார் பிள்ளைகளோடு இம்மலையில் தங்கிய காலங்கள் உண்டு. அந்தத் தகப்பன்மாரின் பெயர்கள் நம் சபை வரலாறுகளில் இருக்கின்றன. தாய்மாரின் பங்கை எழுதினோர் மிகச் சிலரே.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இதுவே: படைவீரர் தொலைவில் இருக்கையில் தாயும் மகளும் சேர்ந்திருக்கும் நேரம், அவர் வரும்வரை எப்படியாவது கடத்த வேண்டிய வெற்றுக்காலம் அன்று. அந்த மகளுக்கு அதுவே பால்யம். அது திரும்ப வராது. நம் மலையில் 2018-இல் பூத்த குறிஞ்சி 2030-இல் மீண்டும் பூக்கும். பிள்ளையின் பத்தாம் வயது ஒருமுறைதான் பூக்கும்.

தாய்மாரே, நீங்கள் தகப்பனுமாக இருக்க வேண்டியதில்லை. தாயாக இருந்தால் போதும். உங்கள் பயத்தைப் பிள்ளை தாங்கும் அளவில் பகிருங்கள். அதைச் சுமக்கும் பொறுப்பை மட்டும் அவளிடம் ஒப்படையாதிருங்கள். நாளில் ஒரு மணி நேரமாவது செய்தியையும் கைபேசியையும் ஒதுக்கிவைத்து, பூண்டு பிரிப்பதோ கீரை ஆய்வதோ, கைவேலை ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள். கைகள் வேலையில் இருக்கும்போது பேச்சு தானாக வரும். அந்த நாளின் சிறு செய்திகளை ஒரு நோட்டில் மகள் எழுதிவைக்கட்டும். தகப்பன் வரும்போது, தான் இல்லாத நாட்களை அவர் வாசித்து அறியலாம்.

சபையாரே, அந்த வீட்டுக்கு அறிவுரை கொண்டுபோகாதேயுங்கள், நேரத்தைக் கொண்டுபோங்கள். ஒரு சான்றிதழுக்காக மலையிறங்கித் திண்டுக்கல் சென்று திரும்புவதற்குள் அந்தத் தாய்க்கு ஒரு நாள் முழுதும் போய்விடுகிறது. எரிவாயு உருளையும், ரேஷன் வரிசையும், வங்கியும் மீதி நாட்களைத் தின்றுவிடுகின்றன. இவற்றில் ஒன்றை நீங்கள் செய்துகொடுத்தால், ஒரு மகளுக்கு அவளுடைய தாயை ஒரு மாலை நேரத்திற்குக் கொடுத்தவர்கள் ஆவீர்கள். குடியரசு தினத்தன்று வீரர்களுக்காக எழுந்து நின்று ஜெபிப்பது நல்லது. அந்த ஜெபம் அவர்கள் வீட்டு வாசலையும் எட்ட வேண்டும்.

அந்தச் சிறுமியைக் கடந்த வாரம் மீண்டும் சந்தித்தேன். "அன்று நான் சொன்னது தவறு, அம்மா. அழுகை வந்தால் அழு" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "நீங்களும் அழுவீங்களா ஐயா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். சிரித்துக்கொண்டே ஓடிப்போனாள்.

ஜெபம்: எங்களோடு அழுகிற ஆண்டவரே, எல்லையில் நிற்போரைக் காத்தருளும். வீட்டில் இருப்போரின் பங்கை நாங்கள் மறவாதபடி எங்களுக்கு நினைவூட்டும். ஆமென்.