முதலிடத்தில் இருந்தபோது விலகியவர்

1991 பிப்ரவரி 22. இங்கிலாந்து லீக்கில் லிவர்பூல் முதலிடத்தில் இருந்தது. அன்று அதன் மேலாளர் கென்னி டால்கிளிஷ் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, பதவி விலகுவதாகச் சொன்னார். வயது 39. அவரைப் போகச் சொன்னவர் யாருமில்லை.

இரண்டு நாள் முன்பு எவர்ட்டனின் குடிசன் பார்க் மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். லிவர்பூல் நான்கு முறை முந்தியது. நான்கு முறையும் எவர்ட்டன் சமன் செய்தது. 4-4. தற்காப்பைப் பலப்படுத்த என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தும் தம்மால் முடிவெடுக்க முடியவில்லை என்று டால்கிளிஷ் பின்னாளில் சொன்னார். அவருடைய வாழ்க்கையில் என்னை மிகவும் உலுக்குவது இந்த இடம்தான்.

ஏனென்றால் களத்தில் அவர் அப்படிப்பட்டவர் அல்லர். கிளாஸ்கோவில் பிறந்து, செல்டிக் அணியில் வளர்ந்து, 1977இல் 4,40,000 பவுண்டுக்கு லிவர்பூல் வந்தார். அன்று பிரிட்டிஷ் அணிகளுக்கிடையே அவ்வளவு விலைக்கு எவரும் போனதில்லை. மறு ஆண்டே வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். பெல்ஜியத்தின் பிரூஜ் அணி கோல்காப்பாளர் முன்னால் வந்து விழும்வரை ஒரு கணம் பொறுத்தார். பிறகு பந்தை அவருக்கு மேலே மெல்லத் தூக்கிவிட்டார். ஒரே கோல், கோப்பை லிவர்பூலுக்கு.

மேலாளர் நாற்காலியோ துக்க வீட்டில் கிடைத்தது. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் நெரிசலிலும் சுவர் இடிந்தும் 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியின் யுவென்டஸ் ரசிகர்கள். அந்த நாட்களில்தான் டால்கிளிஷ் பொறுப்பேற்றார், ஆட்டக்காரராகவும் இருந்துகொண்டே. முதல் ஆண்டிலேயே லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும் வந்தன. லீக்கை உறுதிசெய்த செல்சி ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டதும் மேலாளரேதான்.

அப்புறம் 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. கம்பி வேலிக்குள் நசுங்கிய லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிர் போயிற்று. டால்கிளிஷ் மருத்துவமனைக்குப் போனார். லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தைத் திறந்துவிட்டார்கள், புல்வெளியெங்கும் பூக்கள். இறுதிச் சடங்குகள் தொடங்கின. ஒரே நாளில் நான்கு சடங்குகளுக்குப் போய் நின்றார். லிவர்பூல் ரசிகர்கள் மீதே பழிபோட்டு ‘சன்’ நாளிதழ் ‘உண்மை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டது. இதை எப்படிச் சரிசெய்வது என்று அதன் ஆசிரியர் தொலைபேசியில் கேட்டபோது, பொய் சொன்னோம் என்று அதே அளவு எழுத்தில் போடுங்கள் என்றார் டால்கிளிஷ். அவர்கள் போடவில்லை. ரசிகர்கள்மேல் குற்றமில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை நடுவர் குழு சொல்ல 2016 ஆயிற்று.

துக்கம் சுமந்த அதே அணியைக் கொண்டு 1990இல் மறுபடியும் லீக்கை வென்றார். அவர் வென்றதில் இதுவே பெரியது என்பேன். ஆனால் ஊராரின் கண்ணீரைத் துடைத்தவர் தம் துயரத்தை வெளியே பேசவே இல்லை. உடம்பு பேசியது: தோலெல்லாம் தடிப்பு, எரிச்சல். எவர்ட்டன் ஆட்டத்தில் பேச்சற்று நின்றது இந்த மனிதர்தான்.

பிறகு பிளாக்பர்னை இரண்டாம் நிலையிலிருந்து மேலே ஏற்றி 1995இல் பிரீமியர் லீக்கை வெல்ல வைத்தார். நியூகாசில், செல்டிக், 2011இல் மறுபடி லிவர்பூல் என்று பயணம் நீண்டது. 2017இல் ஆன்ஃபீல்டின் ஒரு பார்வையாளர் அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

1991இல் அவர் விலகியதைப் பலவீனம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தம்மால் முடிவெடுக்க முடியவில்லை என்று தெரிந்ததும், கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அணியை இன்னொருவரிடம் விட்டவர் அவர். அடுத்த முறை ஒரு பயிற்சியாளர் திடீரென்று விலகினால், ஓடிவிட்டார் என்று பேசுமுன் டால்கிளிஷை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.