ரேஸ் குதிரை லாயத்தில் வேலை... மகனை அனுப்பலாமா?

கேள்வி: ‘‘என் மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். சிறு வயதிலிருந்தே ஆடு, மாடுகளோடுதான் இருப்பான். எடை 42 கிலோ. சைதாப்பேட்டையில் இருக்கும் என் மைத்துனர், ‘ஆற்றைத் தாண்டினால் கிண்டி ரேஸ் கோர்ஸ். ஒல்லியான பையன், ஜாக்கியாகச் சேர்த்துவிடலாம்’ என்கிறார். முன்பணம் வாங்கிக்கொண்டு சேர்த்துவிடும் ஓர் ஆளையும் காட்டுகிறார. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம்தான். பையனை அனுப்பலாமா?’’

- வாசகர், மதுராந்தகம்.

பதில்: முன்பணம் கொடுத்து அனுப்ப வேண்டாம். குதிரை வேலை கேவலமான வேலையல்ல. முறையாகக் கற்றவர்களுக்கு அது நல்ல தொழில். ஆனால், எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்பதில்தான் பையனின் எதிர்காலம் இருக்கிறது.

லாயத்தில் என்ன வேலை?

ரேஸ் என்றதும் ஜாக்கிதான் நினைவுக்கு வருவார். ஆனால், ஒரு குதிரை ஓட அவருக்குப் பின்னால் பலர் உழைக்கிறார்கள். குதிரையைக் குளிப்பாட்டி, தேய்த்து, தீனி வைத்து, லாயத்தைச் சுத்தம் செய்பவர் ‘சைஸ்’. காலையில் குதிரையை ஓட்டிப் பழக்குபவர் ‘ரைடிங் பாய்’. லாடம் அடிப்பவர், கால்நடை மருத்துவர், எல்லோருக்கும் மேலே குதிரையைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் டிரெயினர். விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். மாடு கறக்கும் வீட்டில் வளர்ந்த பையனுக்கு இது புதிதல்ல.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. லாயத்துப் பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் பெரும்பாலும் டிரெயினர்தான், கிளப் அல்ல. எனவே, ‘ரேஸ் கிளப்பில் வேலை’ என்று யாராவது சொன்னால், சம்பளம் தருபவர் யார் என்பதை முதலில் கேட்க வேண்டும். ரேஸ் கிளப்புகளுக்கும் இ.எஸ்.ஐ. சட்டம் பொருந்தும் என்று 2014-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

ஜாக்கி ஆவது எப்படி?

ஜாக்கி ஆக, ரேஸ் கிளப் தரும் உரிமம் வேண்டும். அதற்கு முன் பயிற்சி ஜாக்கியாகச் சேர்ந்து, ஒரு டிரெயினரின் கீழ் பழக வேண்டும். பெங்களூரு, ஐதராபாத், புனே போன்ற இடங்களில் கிளப்புகளே பயிற்சி அளித்து வந்துள்ளன. விண்ணப்பம் கிளப் அலுவலகத்துக்கு நேராகப் போக வேண்டுமே தவிர, இடைத்தரகர் கைக்குப் போகக் கூடாது.

எடைதான் இந்தத் தொழிலின் பெரிய சோதனை. பந்தயத்தில் ஒரு குதிரை சுமக்கும் எடை சுமார் 50 கிலோவில் தொடங்கி 60 கிலோவுக்குச் சற்று மேல் வரை இருக்கும். சேணமும் அதில் அடக்கம். உங்கள் மகனுக்கு இன்று 42 கிலோ. பதினைந்து, பதினாறு வயதுப் பையன் இன்னும் வளர்வான். அப்பாவும் தாய்மாமனும் உயரமாக, கனமாக இருந்தால், இருபது வயதில் அவனும் 60 கிலோவைத் தாண்டலாம். அப்போது, பட்டினி கிடந்து எடையைக் குறைக்க வேண்டிய நிலை வரும். இல்லையென்றால், ஜாக்கி கனவை விட வேண்டியிருக்கும்.

ஆபத்தும் சிறிதல்ல. பந்தயத்தில் ஓடும் குதிரைகளுக்குப் பின்னாலேயே ஆம்புலன்ஸும் போகும். அந்தத் தொழிலில் விழுவது எவ்வளவு சாதாரணம் என்பதை அதுவே சொல்லிவிடும். பரிசுத் தொகையில் ஜாக்கிக்குப் பங்கு உண்டு. ஆனால், ஜெயிக்கும் குதிரை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. அயர்லாந்தின் கில்டேரில் 1973-ம் ஆண்டு முதல் நடக்கும் பயிற்சிப் பள்ளியில்கூட, ஜாக்கி பயிற்சியோடு லாயப் பராமரிப்பையும் சேர்த்தே கற்றுத் தருகிறார்கள். சேர்பவர்கள் எல்லோரும் ஜாக்கியாக முடியாது என்பது அங்கேயும் தெரிந்த விஷயம்தான்.

கிண்டியின் இன்றைய நிலை

உங்கள் மைத்துனர் சொல்லாமல் விட்டது இது. கிண்டியில் ரேஸ் நடக்கும் 160 ஏக்கருக்கும் மேற்பட்ட அரசு நிலம், 1945-ம் ஆண்டு முதல் 99 ஆண்டுகளுக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை பாக்கி 730 கோடி ரூபாய்க்கும் மேல் என்று கூறி, 2024 செப்டம்பரில் அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்தது. கிளப் நீதிமன்றம் சென்றது. அதே ஆண்டு ஜூன் மாதம் ஊட்டி ரேஸ் கோர்ஸின் 52 ஏக்கரையும் அரசு எடுத்துக்கொண்டது.

இந்தத் தொழிலுக்கு இப்படிப்பட்ட சோதனை புதிதல்ல. 1974-ம் ஆண்டு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. 1986-ல் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று சொன்னது. இப்போது, 2025 செப்டம்பர் முதல் பந்தயப் பணத்துக்கு 40 சதவிகிதம் ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது. கிளப்புக்கு வரும் பணம் குறைந்தால், முதலில் கை வைக்கப்படுவது லாயத்துச் சம்பளத்தில்தான். ஒரே ஒரு மைதானத்தை நம்பி, படிப்பை நிறுத்திய பையனை அனுப்புவது, ஒரே மழையை நம்பி விதைப்பது போன்றது.

சைதாப்பேட்டை காட்டும் இன்னொரு வழி

இதே சைதாப்பேட்டையில்தான் 1868-ம் ஆண்டு விவசாயப் பள்ளி தொடங்கப்பட்டது. 1906-ல் கோயம்புத்தூருக்கு மாறி, இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு அதுவே வேராக அமைந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், வேப்பேரியில், 1903-ம் ஆண்டு தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரையை நேசிக்கும் பையனுக்கு அந்த வாசல்தான் நிலையானது.

உங்கள் மகன் இப்போது செய்ய வேண்டியது, பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் உள்ள பிரிவில் சேர்வது. இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து நல்ல மதிப்பெண் எடுத்தால், கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடும் உண்டு. சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, சேலம், உடுமலைப்பேட்டை, தேனி என ஏழு இடங்களில் அரசுக் கல்லூரிகள் உள்ளன. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து, படிப்பு ஐந்தரை ஆண்டுகள்.

மதிப்பெண் போதவில்லை என்றாலும் வழி அடைபடாது. ராணுவத்தில் குதிரைகளையும் நாய்களையும் பராமரிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. அதன் பயிற்சி மையம் மீரட்டில் உள்ளது. சென்னைக் காவல் துறையிலும் குதிரைப்படை உண்டு. ஆள் எடுக்கும் அறிவிப்புகளைப் பார்த்து விண்ணப்பிக்கலாம்.

லாயத்துக்கே போக வேண்டும் என்று பையன் பிடிவாதமாக இருந்தால், பள்ளி விடுமுறையில் அப்பாவும் கூடப் போய், நான்கு நாள் இருந்து பார்த்துவிட்டு வரலாம். தங்குமிடம் எப்படி, மாதச் சம்பளம் எவ்வளவு, குதிரை உதைத்தால் வைத்தியச் செலவு யாருடையது? இந்த மூன்று கேள்விகளுக்கும் வாய் வார்த்தையாக இல்லாமல், எழுத்தில் பதில் வாங்க வேண்டும். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் பையனை விடக் கூடாது.

அதுவரை ஊரிலேயே கற்கவும் நிறைய இருக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் அதற்கு வரும் வயிற்றுவலி உயிரைக் குடிக்கும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பறிப்பது, படுத்துப் புரள்வது ஆகியவை அதன் அறிகுறிகள். தீனியைத் தொடாமல் நிற்கும் மாட்டைப் பார்த்து நோவைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பையன், குதிரைக்கும் அதைக் கற்றுக்கொள்வான். அந்தக் கண் உங்கள் மகனுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதோடு படிப்பையும் சேர்த்துக் கொடுங்கள். மைதானத்துக்குப் பூட்டுப் போட்டாலும், அவன் கையில் தொழில் இருக்கும்.