15-ஆம் லெவல் என்கவுன்டரும் 15 ஆடுகளும்

என்கவுன்டர்னு தலைப்பைப் பார்த்துட்டு போலீஸ் கதைன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சமாச்சாரம். இந்த ஆட்டத்துல வீரர்கள் எதிரியோடு மோதுற ஒவ்வொரு கட்டத்துக்கும் பேரு என்கவுன்டர். இங்கேயும் சுட்டுத்தள்ளுறது உண்டு, ஆனா விசாரணைக் கமிஷன் கிடையாது :-)

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ஆட்டம். மேசையைச் சுத்தி நாலஞ்சு பேர். ஒருத்தர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டி.எம். கதையையும் எதிரிகளையும் நடத்துறது அவர். மத்தவங்க ஆளுக்கொரு கதாபாத்திரம். அடி விழுமா, தப்பிக்குமான்னு 20 முகப் பகடை சொல்லும். முதல் லெவல்ல நாலு பூதக்குஞ்சு சேர்ந்து அடிச்சாலே செத்துப்போற ஆளு, மாசக்கணக்கா வருஷக்கணக்கா ஆடி 15-ஆம் லெவலுக்கு வரும்போது, ஒரு மந்திரத்துல கண்டம் விட்டுக் கண்டம் தாவுவான், செத்தவனை எழுப்புவான்.

பிரச்சினையே அங்கதான் ஆரம்பிக்குது. 11-ஆம் லெவல் தாண்டினதும் எந்த டி.எம்.மைக் கேட்டாலும் ஒரே ஒப்பாரி. "என்ன மிருகத்தைக் கொண்டாந்தாலும் ரெண்டு சுத்துல முடிச்சிடுறானுங்க, பேலன்ஸே பண்ண முடியல."

பண்ண முடியாதுதான். ஏன்னா நீங்க தராசைத் தப்பான பொருளுக்குப் பிடிக்கிறீங்க. இந்தப் பதிவோட சாரம் அவ்வளவுதான். மீதி எல்லாம் சண்டை.

முதல்ல கணக்கு. 2014-ல் வந்த 5-ஆம் பதிப்பு டி.எம். கையேட்டுல ஒரு பட்டியல் இருக்கு. 15-ஆம் லெவல் ஆளு ஒருத்தருக்கு 'ஹார்டு' மோதல்னா 4,300 புள்ளி, 'டெட்லி'ன்னா 6,400. நாலு பேருக்கு 17,200, 25,600. இப்போ வளர்ந்த சிவப்பு டிராகன் ஒண்ணை எடுத்துக்குவோம். 18,000 புள்ளி, 256 ஹெச்.பி. புத்தகத்துப்படி இது கடினமான மோதல். நல்லா ஆடத் தெரிஞ்ச நாலு பேர் சுத்துக்கு ஆளுக்கு 40 அடிச்சா ரெண்டு சுத்துல 320. டிராகன் காலி. ஒரு சுத்துங்கிறது கதைக்குள்ள 6 விநாடி. ஆக, மலையை உருக்குற மகாசர்ப்பம் 12 விநாடியில் கதை முடிஞ்சு கிடக்கும்.

சரி, பெருசா போடுவோம்னு டராஸ்க் போடுவாங்க. அந்தப் பதிப்போட மான்ஸ்டர் மேனுவல்லயே பெரிய மிருகம். சவால் அளவு 30, ஹெச்.பி. 676. ஆனா 2014 டராஸ்க்குக்குப் பறக்கத் தெரியாது, தூரத்துல இருந்து தாக்கவும் ஒண்ணும் கிடையாது. பறக்கிறவன் ஒருத்தன் எட்டாத உயரத்துல நின்னு சாவகாசமா அமிலம் தெளிச்சுக்கிட்டே இருந்தா அது கீழ நின்னு அண்ணாந்து பார்க்கும். 676 இல்ல, 6,760 குடுத்தாலும் அதே கதிதான், என்ன, கூடக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்க்கும்.

கம்பெனிக்காரங்களுக்கும் இது தெரியும். 2008-ல் வந்த 4-ஆம் பதிப்பு கணக்கை ஓரளவு நேராக்குச்சு. ஆனா சண்டை ஒவ்வொண்ணும் சீரியல் மாதிரி இழுத்து, 2010 மான்ஸ்டர் மேனுவல் 3-ல் மிருகங்களோட அடியைக் கூட்ட வேண்டி வந்துச்சு. 2024 கையேட்டுல, எதிரிங்க எண்ணிக்கைக்குத் தக்கபடி புள்ளியைப் பெருக்குற பழைய முறையையே எடுத்துட்டாங்க. ஐம்பது வருஷமா தராசைத் தட்டித் தட்டிப் பார்க்குறாங்க. முள்ளு நிக்கல.

இதுக்கு நம்ம டி.எம்.மாருங்க கண்டுபிடிச்ச வைத்தியம் மூணு. மூணுமே போங்காட்டம்னு சொல்றேன்.

ஒண்ணு, திரைக்குப் பின்னால ஹெச்.பி.யை ஏத்துறது. டிராகன் செத்திருக்கணும், ஆனா "இன்னும் ரெண்டு சுத்து போகட்டும், அப்பதான் விறுவிறுப்பா இருக்கும்"னு நூறு கூட்டிக்கிறது. அப்படின்னா பிளேயர் கையில பகடை எதுக்குய்யா? சொக்கட்டான் ஆட்டத்துல காயைத் தூக்கி மாத்தி வச்சா எங்க ஊர்ப்பக்கம் பலகையைக் கவுத்திட்டு எந்திரிச்சிருவாங்க.

ரெண்டு, தடை போடுறது. இதை நேர்லயே பார்த்திருக்கேன். ஒரு மேசையில் மந்திரவாதியா ஆடின தம்பி, ஒன்றரை வருஷம் ஆடி 13-ஆம் லெவலுக்கு வந்து ஃபோர்ஸ்கேஜ் மந்திரத்தை எடுத்தான். கண்ணுக்குத் தெரியாத கூண்டு. 2014 விதிப்படி ஒரு மணி நேரம் நிக்கும், 1,500 பொற்காசுக்கு மாணிக்கத் தூள் வேணும். காசு சேர்த்து, தூள் வாங்கி, டிராகன் மேல போட்டான். டி.எம். நிமிர்ந்துகூடப் பார்க்காம "இதுக்கு அது வேலை செய்யாது"ன்னுட்டார். ஏன்னு கேட்டதுக்கு, "செஞ்சா சண்டை முடிஞ்சிருமே". தம்பி அடுத்த வாரத்துல இருந்து வரல. ஒன்றரை வருஷ ஆட்டம் ஒரே வாக்கியத்துல போச்சு. (2024-ல் அந்த மந்திரத்துக்குக் கவனம் சிதறாமப் பிடிக்கணும்னு விதி வச்சுட்டாங்க. அது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிஞ்ச விதி. நட்டநடு ஆட்டத்துல கையைப் பிடிக்கிறது வேற.)

மூணு, 2014 புத்தகமே சொன்ன வைத்தியம். ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல் வச்சு, மந்திரமெல்லாம் தீர்ந்துபோற மாதிரி களைப்படைய விடுறது. அஞ்சாம் லெவலுக்குச் சரி. 15-ல் ஒரு மோதலை ஆடி முடிக்கவே ஒரு சாயங்காலம் போயிடும். எட்டு மோதல்னா ரெண்டு மாச ஞாயித்துக்கிழமை, கதைக்குள்ள ஒரே நாள். தவிர, டெலிபோர்ட் தெரிஞ்சவன் நடுவுலயே ஊருக்குப் போய்த் தூங்கி எந்திரிச்சு வந்துருவான்.

அப்ப என்னதான் பண்ணச் சொல்றன்னு கேப்பீங்க. ஆடு புலி ஆட்டத்தைப் பாருங்கன்னு சொல்லுவேன்.

தமிழ்நாட்டுல எத்தனையோ பழைய கோயில் மண்டபக் கல்தரையில் அந்த முக்கோணக் கட்டம் கீறியிருக்கும். வழக்கமான கட்டத்துல 23 சந்திப்பு. 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடு புலியை ஒண்ணும் செய்ய முடியாது. ஆட்டோட தாக்கும் திறன் பூஜ்யம். அதுலயும் 15-ஐயும் வச்சு முடிக்கிற வரைக்கும், வச்ச ஆட்டை நகர்த்தவும் முடியாது. நம்ம டி.எம்.கிட்ட இந்த ஆட்டத்தைக் குடுத்தா என்ன சொல்லுவார்? "புலி ரொம்ப ஓவர் பவர், ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு தடவைதான் தாண்டலாம்"னு தடை போடுவார். இல்லன்னா ஆட்டுக்கு 50 ஹெச்.பி. குடுப்பார்.

ஆனா அப்படி எந்த ஒட்டுப்போடலும் இல்லாம ஆடு ஜெயிக்குது. எப்படி? புலியை அடிச்சு இல்ல, அடைச்சு. 15 ஆடும் 3 புலியும் உக்காந்தா மிச்சம் அஞ்சே இடம். புலிக்குப் பல்லு அப்படியேதான் இருக்கு, போறதுக்கு இடம்தான் இல்ல. இதோட நேபாளத்துச் சொந்தக்காரன் பாக் சால். அதுல 4 புலி, 20 ஆடு. ரெண்டு பக்கமும் பிசகாம ஆடினா ஆட்டம் சமன்ல முடியும்னு கணினி வச்சே காட்டிட்டாங்க. கொல்லவே தெரியாத பக்கத்துக்கும் கொல்ல மட்டுமே தெரிஞ்ச பக்கத்துக்கும் நடுவுல சமன்! ஐம்பது வருஷக் கையேடு தேடுற பேலன்ஸ் அதுதானே?

இப்ப முக்கியமான விஷயம். உசரத்து லெவல்ல புலி யாரு? டிராகன்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். இல்ல. பிளேயருங்கதான் புலி. டி.எம். கையில இருக்கிறது ஆடு. அதைப் புரிஞ்சுக்காம ஆட்டுக்குப் பல்லு கட்டிவிட்டுக்கிட்டு இருக்கோம்.

எப்படி அடைக்கிறது? நம்ம சீமையிலேயே உதாரணம் இருக்கு. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. குண்டாறு வருஷத்துல பெரும்பாலான நாள் மணல்தான். ஐப்பசி கார்த்திகை மழையைக் கண்மாய்ல பிடிச்சு வச்சாத்தான் பொழப்பு. மேல்கண்மாய் நிறைஞ்சு, கலுங்கு வழியா மறுகால் போனாத்தான் கீழ்கண்மாய்க்குத் தண்ணி. கரை ஒரு இடத்துல உடைஞ்சா அந்த வருஷ வெள்ளாமை போச்சு. இதே வறண்ட பூமி கிழக்கே ராமநாதபுரம் சீமை வரைக்கும் நீளும். அங்க ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய்க்கு 'நாரை பறக்காத 48 மடை'ன்னே பேரு. அவ்வளவு நீளக் கரை, 48 மடை. நாரையாலேயே முடியலன்னா நாலு ஹீரோவால முடியுமா?

இப்ப அங்க ஒரு என்கவுன்டர் வைங்க. கார்த்திகை ராத்திரி, அடைமழை, கண்மாய் தளும்புது. உள்ள ஒரே ஒரு வளர்ந்த கறுப்பு டிராகன். 195 ஹெச்.பி., 11,500 புள்ளி. நாலு 15-ஆம் லெவல் ஆளுங்களுக்குப் புத்தகப்படி வெறும் 'மீடியம்'. அது தண்ணிக்குள்ள மூச்சு விடும். மேல வந்து கரையில் ஒரு இடத்தை அமிலத்தால அரிச்சுட்டு, முங்கி, அரை மைல் தள்ளி இன்னொரு இடத்துல எந்திரிக்கும். கீழ மூணு ஊர் தூங்குது. மேட்டு ஊர்க்காரன் "இந்தப் பக்கம் வெட்டி விடு, எங்க ஊர் பொழைக்கட்டும்"னு மண்வெட்டியோட நிக்கிறான். பள்ளத்து ஊர்க்காரன் கம்போட நிக்கிறான்.

மந்திரவாதி வால் ஆஃப் ஸ்டோன் போட்டு உடைப்பை அடைக்கலாம். தாராளமா வேலை செய்யும், தடை கிடையாது. ஆனா கல் நிரந்தரமா நிலைக்க 10 நிமிஷம் கவனம் சிதறாமப் பிடிக்கணும், அதுவரைக்கும் கவனம் கேக்குற வேற மந்திரம் கிடையாது. கண்ட்ரோல் வாட்டர் தண்ணியைத் தடுக்கும், ஆனா 100 அடி சதுரத்துக்குள்ள. கரை மைல் கணக்குல. வாள்காரன் டிராகனைத் தேடி முங்கினா கரையில மண்வெட்டிக்காரனைத் தடுக்க ஆள் இல்ல. டெலிபோர்ட் பண்ணி ஓடலாம், யாரும் தடுக்கல. விடிஞ்சதும் அந்த ஊர் இருக்காது.

ஒரு மந்திரத்தையும் நான் பிடுங்கல. ஒரு ஹெச்.பி. கூட ஏத்தல. பிளேயர் சம்பாதிச்ச ஒவ்வொரு சக்தியும் முழுசா வேலை செய்யுது. ஒவ்வொண்ணும் ஒரு ஆட்டை வெட்டுது. ஆடு இன்னும் பாக்கி இருக்கு, அவ்வளவுதான்.

"இது சண்டையே இல்ல, பேரிடர் மேலாண்மை"ன்னு ஒருத்தர் கிளம்புவார், தெரியும். அண்ணே, டிராகன் அங்கதான் இருக்கு, போய் வெட்டுங்க. வெட்டுற நேரத்துல எதை விடுறோம்னு தெரிஞ்சு வெட்டுறதுதான் 15-ஆம் லெவல். எதையும் விடாம வெட்டணும்னா மூணாம் லெவல்லயே இருந்திருக்கலாம்.

இன்னொரு கேள்வியும் நியாயமானது: பிளேயருங்க புத்தியா ஆடி எல்லா ஊரையும் காப்பாத்திட்டா? காப்பாத்தட்டும்! டிராகனை முதல் சுத்துலயே கூண்டுல போட்டுட்டா? போடட்டும், எந்திரிச்சு நின்னு கைதட்டுங்க. அவங்க தோத்து ஒரு ஊர் முங்கிப்போனாலும் முங்கட்டும். அடுத்த வாரம் அந்த ஊர்ச் சனங்க முகத்துல முழிக்கணுமே, அந்தப் பயத்துக்கு முன்னால 676 ஹெச்.பி. எம்மாத்திரம்? ஜெயிக்கவும் தோக்கவும் வழியில்லாம, எப்பவும் நூலிழையில் ஜெயிக்கிற மாதிரியே ஓட்டுறதுக்குப் பேரு பேலன்ஸ் இல்ல. அது பொம்மலாட்டம். கயிறு யார் கையிலன்னு பொம்மைக்குத் தெரிஞ்ச அன்னைக்கு மேசை காலி.

ஆகவே டி.எம்.மகாஜனங்களே, அடுத்த தடவை டிராகனுக்கு ஹெச்.பி. எழுதுற இடத்துல பென்சிலைக் கீழ வைங்க. அந்தத் தாள்ல ஒரு முக்கோணம் கீறி, எங்கெங்க ஆடு வைக்கலாம்னு பாருங்க. புலியை உறும விடுங்க. அது பாடுபட்டுச் சம்பாதிச்ச உறுமல்.

டிஸ்கி: "எங்க மேசையில் ஹெச்.பி. ஏத்தித்தான் நல்லா ஓடுது"ன்னு சொல்ல வர்றவங்க, அதை உங்க பிளேயருங்க முன்னால ஒரு தடவை சத்தமாச் சொல்லிட்டு அப்புறம் இங்க வாங்க. டீ வாங்கித் தர்றேன்.