விளையாடாமல் கிடக்கும் விளையாட்டுகள்

பருவத் தேர்வு முடிந்து தண்ணீர்மலை அடிவாரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும், முதல் வேலையாக மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டு வாரம் விடுமுறை. ஸ்டீம் தளத்தில் நான் வாங்கி வைத்திருந்த விளையாட்டுகளை எண்ணிப் பார்த்தேன்: 112. அவற்றில் ஒருமுறையாவது திறந்து பார்த்தவை 23. மற்றவையெல்லாம் மலிவு விற்பனையில் ஐந்து ரிங்கிட், எட்டு ரிங்கிட் என்று வாங்கிப் போட்டவை. அரை மணி நேரம் பட்டியலை மேலும் கீழும் உருட்டிவிட்டு, இடைநிலைப்பள்ளிக் காலத்திலிருந்து ஆடிவரும் அதே பண்ணை விளையாட்டில் போய் உட்கார்ந்தேன்.

இது என் சோம்பல் மட்டுமல்ல. 2024-இல் ஸ்டீம் பயனர்கள் விளையாடிய மொத்த நேரத்தில், அவ்வாண்டு வெளிவந்த விளையாட்டுகளுக்குக் கிடைத்தது 15 விழுக்காடுதான் என்று அத்தளமே கணக்குச் சொன்னது. மீதி நேரமெல்லாம் பழையவற்றுக்கே போனது. அதே ஆண்டில் அங்கு புதிதாக வந்தவையோ 18,000க்கும் மேல்! 2017 முதல் 100 அமெரிக்க டாலர் கட்டினால் எவரும் தம் விளையாட்டை அங்கே விற்பனைக்கு வைக்கலாம். பெரிய நிறுவனத்தின் தயவு தேவையில்லை. இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து செய்ததையும் உலகமே வாங்கலாம். இப்படிச் சிறு குழுவினர் சொந்தமாகச் செய்பவற்றைத்தான் இண்டி விளையாட்டு என்கிறோம். கதவு திறந்தது நல்லதுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் நல்லதைத் தேடுவது, தைப்பூசத்தன்று வாட்டர்ஃபால் சாலையில் தொலைத்த செருப்பைத் தேடுவது மாதிரி.

என் பட்டியலில் அப்படித் தொலைந்து கிடந்தது ‘வெண்பா’. கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தன் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துச் சமைக்கிறாள். புத்தகமோ கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை நாம் கண்டுபிடிக்க வேண்டும். முதல் புதிரே இட்லிதான். தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக மேலேறும் என்று நான் மூன்று முறை தவறிக்கொண்டிருக்க, பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, “தட்டைத் திருப்பி வைம்மா, குழிக்கு நேரா குழி வந்தா ஆவி எப்படிப் போகும்?” என்றார். சரியாக வந்தது. கணினி விளையாட்டில் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுவே முதல் தடவை. அதன்பின் துணி மடிக்கப்படவில்லை. தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழை எழுத்துக் கூட்டி மட்டுமே வாசிக்கும் என் தம்பியும் வந்து உட்கார்ந்தான். வளர்ந்த மகன் கவின் அம்மாவின் குறிப்பைப் பார்த்துச் சமைக்கத் தடுமாறும் இடத்தில் அவன் எதுவும் பேசவில்லை.

2024-இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும், பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும் வென்றது இது. அவ்வளவு பேர் வாங்கிய, நம் மொழி பேசும் விளையாட்டுக்கே என் பட்டியலில் ஓராண்டுக்கு மேல் இந்தக் கதி என்றால், விருது எதுவும் வாங்காதவற்றின் நிலை என்ன?

வாங்கியதோடு ஆதரவு முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். என்னைக் கேட்டால், ஆடிப் பார்ப்பதும் அதைப் பற்றி நான்கு வரி எழுதுவதும்தான் முக்கியம். பத்துப் பேராவது கருத்து எழுதினால்தான் ஒரு விளையாட்டுக்கு ஸ்டீமில் மதிப்பீடே தோன்றும். பெரிய விளையாட்டுக்கு அது முதல் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். சிறியவற்றுக்கு நம்மில் ஒருவரின் நான்கு வரிகூடக் கணக்கில் வரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். ‘வெண்பா’ போன்ற சின்ன விளையாட்டை அதற்குள் முழுமையாக முடித்துவிட்டுப் பணத்தைக் கேட்பவர்களும் உண்டு. வாழை இலையை மடித்த பிறகு சாப்பாடு சரியில்லை என்று சொல்வதற்கு நம் ஊரில் வேறு பெயர்.

இந்த விடுமுறைக்கு நானே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மூன்று மணி நேரத்தில் முடியக்கூடியவை முதலில். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். பிடிக்காவிட்டால் பட்டியலிலிருந்து மறைத்துவிடுவேன், வருத்தப்பட மாட்டேன். காசு கொடுத்தாயிற்றே என்று பிடிக்காததை ஆடி முடிப்பது வீண் வேலை. அத்துடன், நம் நாட்டில் செய்தவற்றுக்கு வரிசையில் முன்னிடம். மலேசியாவின் கைகன் கேம்ஸ் 2017-இல் வெளியிட்ட ‘சிமுலாக்ரா’வில், காணாமற்போன ஒரு பெண்ணின் கைப்பேசி நம் கையில் கிடைக்கிறது, குறுஞ்செய்திகளையும் படங்களையும் துருவித்தான் அவளைத் தேட வேண்டும். இரவில் தனியாக ஆடாதீர்கள். மலேசியர்கள் தொடங்கிய செவன்த் பீட் கேம்ஸின் ‘ரிதம் டாக்டர்’ விளையாட ஒரே ஒரு விசை போதும்; இசையின் ஏழாவது தட்டில் சரியாக அழுத்த வேண்டும். சுலபம் என்று நினைத்து என் தோழியிடம் தோற்றேன்.

இரண்டு வாரத்தில் ஆறு விளையாட்டுகளைத் திறந்தேன். இரண்டை மறைத்தேன், நான்குக்குக் கருத்து எழுதினேன். இன்னும் 83 பாக்கி. தம்பி அதற்கெல்லாம் உதவவில்லை. சமையலறை அலமாரியிலிருந்து அம்மாவின் பழைய சமையல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றாவது நாளாக மீன் குழம்புப் பக்கத்தை எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான்.